பரண் சாமானும் அதன் விலையும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய பாட்டில், ஜாடி சேர்ப்பது என் பொழுதுபோக்கு. இதைப் பற்றிப் பேசக் காரணம் இருக்கிறது. நம்மில் பலர் சொந்த ஊர் வீட்டை விற்கும் கட்டத்தில் இருக்கிறோம். வாங்குகிறவர் இரண்டு நாளில் காலி செய்யச் சொல்கிறார். இங்கே இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் எதை வைப்பது? காயலான் கடைக்காரர் வந்து மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார், கொடுத்துவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து, "அந்த ஜாடி நல்ல விலைக்குப் போகுமாமே, யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?" என்று அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம். அதைத் தவிர்க்க அரை நாள் வேலை போதும்.

முதலில் பொருளைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பீங்கானுக்கு அடிதான் பிறப்புச் சான்றிதழ். 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. அதனால் வெறும் 'இங்கிலாந்து' என்று இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் பொதுவாக இருபதாம் நூற்றாண்டு. ஜப்பான் கோப்பையில் 'நிப்பான்' என்றிருந்தால் 1921க்கு முந்தையதாக இருக்கலாம். அதன் பிறகு 'ஜப்பான்' என்று போட வேண்டியதாயிற்று. ரங்கூன், மலாயா போய் வந்த தாத்தாக்கள் இருந்த வீடுகளில் இந்தக் கோப்பைகள் இன்னும் கிடக்கின்றன. ஆனால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், அதையும் போலியாகப் போடுகிறார்கள். அடிவிளிம்பில் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். பல வருஷம் அலமாரியில் இழுபட்ட பாத்திரத்தின் தேய்மானம் ஒரே சீராக இருக்காது.

நம் ஊறுகாய் ஜாடி, மேலே பழுப்பும் கீழே வெளிர் நிறமுமாக இருக்குமே, அதில் ராணிகஞ்ச் 'பர்ன் அண்ட் கோ' போன்ற முத்திரை இருந்தால் விடாதீர்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே சோதனைதான் இதற்கும். விரல் முட்டியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, விலை பாதிக்கும் கீழே போய்விடும். மூடி தனியாகக் கிடந்தால் அதையும் தேடி எடுங்கள். இன்னொன்று, வயது தெரியாத மெருகு ஜாடியில் மறுபடி ஊறுகாய் போட வேண்டாம். சில பழைய மெருகில் ஈயம் இருக்கும், புளிப்பு அதைக் கரைத்துவிடும்.

பாட்டிலுக்கு வருவோம். பக்கவாட்டில் அச்சின் இணைப்புக் கோடு ஓடும். அது வாய் விளிம்பு வரை ஏறினால் இயந்திரத்தில் செய்தது. கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் வந்தது 1903 வாக்கில். நம் நாட்டில் கைவேலை அதற்குப் பிறகும் நீண்ட காலம் நடந்தது. ஆகவே கோட்டை வைத்து மட்டும் வயதைச் சொல்லிவிட முடியாது. கண்ணாடிக்குள் குமிழி, எழும்பிய எழுத்தில் கம்பெனி பெயர், ஊர் பெயர், இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஊர் பெயர் இருந்தால் அந்த ஊர்க்காரர்தான் நல்ல விலை கொடுப்பார்.

கோலி சோடா பாட்டிலைப் பார்த்ததும் பலர் 'வெள்ளைக்காரன் காலத்து சாமான்' என்கிறார்கள். 1870களில் இங்கிலாந்தின் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற வடிவம் அது. உள்ளே இருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்திலிருக்கும் ரப்பர் வளையத்தோடு அடைத்துக்கொள்ளும். அருமையான யோசனை! ஆனால் இந்தியாவில் இப்போதும் அதே வடிவத்தில் புதிதாகச் செய்கிறார்கள். உங்களுடையது போன வருஷத்து பாட்டிலாகவும் இருக்கலாம்.

விலை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், வங்கிக்காரன் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார் என்றால் அது அவர் ஆசை. விற்று முடிந்த விலை என்ன என்று தேடுங்கள். வாங்க வருகிறவர்கள் குறைந்தது இரண்டு பேரிடமாவது, ஒருவருக்கொருவர் தெரியாமல், விலை கேளுங்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் ஒரு சுற்று நடந்தாலே கண் பழகிவிடும். பொருளை மெருகேற்றாதீர்கள். புளி, ஆசிட், கம்பி நார் எதுவும் கூடாது. வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்; காகித லேபிள் இருந்தால் தண்ணீரும் வேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த கலைப்பொருள், கைவினைப்பொருள் தொல்பொருள் ஆகிவிடும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனி நபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்காவிலிருக்கும் மகன் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பாதீர்கள்! பழைய சிலை, ஓவியம், சுவடி வீட்டில் இருந்தால் பதிவு செய்ய வேண்டுமா என்று தொல்லியல் துறையில் கேளுங்கள். ஊர் வீட்டில் குழி தோண்டும்போது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள ஏதாவது புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

கடைசியாக, பாகப்பிரிவினைக்கு முன் ஒவ்வொரு பொருளையும் மேலிருந்தும் அடியிலிருந்தும் போட்டோ எடுத்து, எண் போட்டு, கூடப் பிறந்த எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். யாருக்கு எது வேண்டும் என்று எழுத்தில் பதில் வரட்டும். காயலான் கடைக்காரரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு கிளப் ஹவுஸில் இருப்பேன். உங்கள் பாட்டில், ஜாடி எதுவானாலும் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். தயவுசெய்து கழுவாமல் கொண்டு வாருங்கள்.