அரண்மனைக்குக் கடைசியில் வந்த உரிமை

(கருங்குழியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு)

   நேரே பொருளுக்குப் போகிறேன்.

1. வழக்கு

என் துறை நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. சிலர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். மணமுறிவு மேல்தட்டுப் பழக்கம், மேலைநாட்டிலிருந்து அரண்மனைக்கு வந்து பிறகு நம் தெருவுக்கு இறங்கியது என்பது அவர்கள் கட்சி. இதற்கு அவர்கள் எப்போதும் நீட்டும் சான்று, இங்கிலாந்து இளவரசி மார்கரெட்டும் புகைப்படக்காரர் ஆண்டனி ஆம்ஸ்ட்ராங் ஜோன்சும் பிரிந்த கதை. வரிசையே தலைகீழ் என்பது என் கட்சி. கழனியில் வேலை செய்தவளிடம் முன்பே இருந்த உரிமை, அரண்மனைக்காரிக்குக் கடைசியில்தான் கிடைத்தது.

2. பிட்டாபுரத்து சீதாதேவி

லண்டனுக்கு ஏன் போகவேண்டும்? சென்னைக் கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போவோம். கோதாவரிப் பக்கத்துப் பிட்டாபுரம் ஜமீனின் மகள் சீதாதேவி 1917இல் சென்னையில் பிறந்தவர். உய்யூர் ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டுத் தாயும் ஆனவர். 1943இல் சென்னைக் குதிரைப் பந்தயத்தில் பரோடா மகாராஜா பிரதாப்சிங் கெய்க்வாட்டைச் சந்தித்தார். மகாராஜாவுக்கு ஏற்கெனவே மனைவியும் எட்டுப் பிள்ளைகளும் உண்டு.

மறுமணத்துக்கு முதல் மணம் முறியவேண்டும். முறிக்கச் சென்னை மாகாணத்தில் இந்துப் பெண்ணுக்குப் பொதுவான சட்டம் இல்லை. வக்கீல்கள் கண்டுபிடித்த வழி மதமாற்றம். சீதாதேவி இஸ்லாத்தைத் தழுவினார். மதம் மாறியதால் பழைய திருமணம் கலைந்தது என்று காட்டினார்கள். பிறகு ஆரிய சமாஜச் சடங்கில் மீண்டும் இந்துவாகி மகாராஜாவை மணந்தார். கணவனை விட்டு விலக ஒரு பெண் கடவுளை விட்டு விலகவேண்டியிருந்தது!

இது ஜமீன் வீட்டுக் கூத்து என்று ஒதுக்கிவிட முடியாது. பஞ்சாபில் முஸ்லிம் பெண்கள் இதையே எதிர்த்திசையில் செய்தார்கள். கொடிய கணவனிடமிருந்து தப்ப மதத்தைத் துறந்தார்கள். 1939இல் முஸ்லிம் மணமுறிவுச் சட்டம் வந்ததற்கே அது ஒரு முக்கியக் காரணம். மனைவி மதம் துறப்பதால் மட்டுமே திருமணம் முறியாது என்று அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொன்னது. கூடவே, நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கத் தெளிவான காரணங்களையும் தந்தது. அதாவது முஸ்லிம் பெண்ணுக்கு நேர்வழி திறந்து நாலு வருஷம் கழித்தும் பிட்டாபுரத்து இளவரசி சுற்றுவழியில்தான் போனார்.

வேடிக்கையின் உச்சம் பரோடாதான். முந்தைய மகாராஜா மூன்றாம் சாயாஜிராவ் 1931லேயே அங்கே இந்துக்களுக்கு மணமுறிவுச் சட்டம் கொண்டுவந்துவிட்டார். பரோடாவில் ஒரு குடியானவன் மனைவி கேட்கக்கூடியதை, அந்த ஊர் மகாராணியாகப் போகிறவர் சென்னையில் கேட்க முடியவில்லை. இருதார மணத்தைத் தடுக்கும் சட்டமும் பரோடாவில் இருந்தது. அது குடிகளுக்குத்தான், எனக்கில்லை என்றார் பிரதாப்சிங். ஆங்கிலேய அரசு சீதாதேவிக்கு மகாராணிக்குரிய மரியாதைப் பட்டத்தைக் கடைசிவரை தரவில்லை.

1951இல் மகாராஜா பட்டம் இழந்தார். 1956இல் இந்த மணமும் முறிந்தது. சீதாதேவி ஐரோப்பாவில் தங்கிவிட்டார். அவருடைய கால்கொலுசின் மரகதங்களும் வைரங்களும் நியூயார்க் நகைக்காரர் ஹாரி வின்ஸ்டனிடம் போய் அட்டிகையாயின. அதை இங்கிலாந்து அரச குடும்பத்து விண்ட்சர் சீமாட்டி வாங்கி, 1957இல் ஒரு விருந்துக்குப் போட்டுப் போனார். அங்கே இருந்த சீதாதேவி, என் காலில் கிடந்தபோதும் இப்படித்தான் அழகாக இருந்தது என்றாராம். சீமாட்டி நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இத்தனை செல்வம் இருந்தும் 1943இல் சென்னையில் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்க முடியவில்லை.

அதே காலத்தில் இந்த ஏரிப்பாசனத்து ஊர்களில் என்ன வழக்கம்? பல சாதிகளில், ஊர்ப் பஞ்சாயத்தில் நாலு பேர் முன்னால் பரிசப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துவிடுவார்கள். பெண் வேறு இடத்தில் அறுத்துக்கட்டிக்கொள்வாள். அந்த வழக்கத்தை 1955 இந்துத் திருமணச் சட்டமும் 29ஆம் பிரிவில் காப்பாற்றி வைத்திருக்கிறது. இங்கிருந்து வடக்கே பாலாற்றைத் தாண்டினால் செங்கல்பட்டு. அங்கே 1929 பிப்ரவரியில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்ணுக்கு மண ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சென்னை மாகாணம் 1949இல்தான் சட்டம் செய்தது.

3. லண்டன்

நண்பர்களின் சான்றுக்கு வருகிறேன். தாம் விரும்பிய பீட்டர் டவுன்சென்ட் மணமுறிவு பெற்றவர் என்பதாலேயே அவரை மணக்கப்போவதில்லை என்று 1955இல் மார்கரெட் அறிவிக்க நேர்ந்தது. 1960இல் ஆம்ஸ்ட்ராங் ஜோன்சை மணந்தார். 1961இல் ஜோன்ஸ் ஸ்னோடன் பிரபு ஆனார். இருவருக்கும் வேறு தொடர்புகள் இருந்தன. 1976இல் கரீபியன் தீவொன்றில் இளவரசியும் அவருடைய நண்பர் ராடி லெவலினும் இருந்த படம் பத்திரிகையில் வந்தது. புகைப்படக்காரரின் மணவாழ்வுக்கு முடிவு கட்டியது ஒரு புகைப்படம். மார்ச்சில் பிரிவு அறிவிப்பு, 1978 ஜூலையில் மணமுறிவு. சம்மதத்தோடு இரண்டாண்டு பிரிந்திருந்தால் போதும் என்று சாதாரணக் குடிகளுக்காக 1969இல் இயற்றிய சட்டம்தான் அரண்மனைக்கும் பயன்பட்டது. நம் இந்துத் திருமணச் சட்டத்திலும் பரஸ்பர சம்மத மணமுறிவு, அவர்கள் பிரிவை அறிவித்த அதே 1976இல்தான் வந்தது.

4. இனிச் செய்யவேண்டியவை

நேரம் முடிந்தது என்று சீட்டு வந்துவிட்டது. மாணவர்களுக்கு மூன்று வேலை. 1949 சட்டத்தின்கீழ் முதலில் மனுச் செய்த பெண்கள் யார் என்று நீதிமன்றப் பதிவேடுகளில் பாருங்கள். மதுராந்தகம் வட்டாரத்தில் பஞ்சாயத்தில் தீர்த்துவிட்ட கதைகளை மூதாட்டிகளிடம் கேட்டுப் பதியுங்கள். சுயமரியாதைத் திருமணங்களில் எத்தனை முறிந்தன, எப்படி முறிந்தன என்று யாராவது எடுத்துப் பார்க்கலாம். முன்வரிசை நண்பர்கள் மறுப்பு எழுதினால் மகிழ்வேன். எழுதும்போது லண்டனில் தொடங்காமல் செங்கல்பட்டில் தொடங்குங்கள்.