படித்த படிப்பு பாழாகலாகாது
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா வாழ்த்துரைக்கு மட்டும் உரிய நாளன்று. கணக்குப் பார்ப்பதற்கும் உரிய நாளாகும். நம் கழகத்தின் துணையால் கல்லூரிப் படியேறியவர்கள் எத்தனை பேர் என்பதை ஆண்டறிக்கை கூறும். ஏறிய படியிலிருந்து பாதியில் இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த அறிக்கையும் கூறுவதில்லை. அவர்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

நம் சேரியைச் சேர்ந்த பிள்ளை ஒருவர் பட்டப் படிப்பில் இரண்டாண்டுகளை முடித்திருந்தார். தந்தை படுத்த படுக்கையானார். பிள்ளை கல்லூரியை விட்டுக் கூலி வேலைக்குச் சென்றார். மூன்றாண்டுகள் கழித்து வேறொரு பல்கலைக்கழகத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர விரும்பினார். முன்பு படித்த கல்லூரியோ, மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றது. புதிய இடமோ, முதலாண்டிலிருந்து தொடங்குக என்றது. இரண்டாண்டு உழைப்பும், அவர் தாய் களையெடுத்துச் சேர்த்த கூலியும் ஒரே நொடியில் பூச்சியமாயின. அவர் மீண்டும் படிக்கவில்லை. அவரிடம் அறிவில்லையா? ஊக்கமில்லையா? இரண்டும் இருந்தன. படித்த படிப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எடுத்துச் செல்லும் வழிதான் இல்லை.

அவ்வழியைச் சட்டமாகவும் திட்டமாகவும் வகுக்க முயன்ற நாடு அமெரிக்கா. அங்கே 1901ஆம் ஆண்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்று தோன்றியது. இன்று சமுதாயக் கல்லூரி என வழங்கும் அமைப்பின் தொடக்கம் அதுவே. வீட்டிலிருந்தே சென்று படிக்கலாம்; கட்டணம் குறைவு; பகலில் வேலை செய்து மாலையில் பயிலலாம். படிப்பு கிரெடிட் எனப்படும் மதிப்பலகுகளால் அளக்கப்படும். பட்டம் பெறப் பொதுவாக 120 அலகுகள் வேண்டும். அவற்றுள் 60ஐச் சமுதாயக் கல்லூரியில் ஈட்டி, பின்னர்ப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டிற்கு மாறிச் செல்லலாம் என்பதே ஏற்பாடு.

1960ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலம் தன் உயர் கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பகுதியினர் ஒருவகைப் பல்கலைக்கழகத்திற்கும், முதல் மூன்றில் ஒரு பகுதியினர் மற்றொரு வகைக்கும் உரியவர். சமுதாயக் கல்லூரியின் கதவோ யாவர்க்கும் திறந்திருக்கும். அங்கே நன்கு பயின்றவர் பின்னர்ப் பல்கலைக்கழகத்திற்கு மாறலாம் என்றது அத்திட்டம். பதினேழு வயதில் பின்தங்கியவன் வாழ்நாள் முழுதும் பின்தங்க வேண்டியதில்லை என்பதே அதன் உட்பொருள்.

அக்கதவு வழியே நுழைந்தவருள் கறுப்பின இளைஞர் பலர். ஓக்லாந்து நகரின் மெரிட் கல்லூரி அத்தகைய சமுதாயக் கல்லூரிகளுள் ஒன்று. அங்குப் பயின்ற ஹியூய் நியூட்டன், பாபி சீல் என்னும் இருவரே 1966ஆம் ஆண்டில் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினர். அவர்தம் பெயரைத் தழுவியே 1972ஆம் ஆண்டில் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் எழுந்தது. கட்டணம் குறைந்த ஓர் எளிய கல்லூரியின் வகுப்பறைக்கும் நம் வரலாற்றிற்கும் இடையே இப்படியோர் இழை ஓடுகின்றது.

அங்கே எல்லாம் செம்மையாக நடக்கின்றன என்று கூற வந்தோமில்லை. சமுதாயக் கல்லூரியில் சேர்வோருள் பெரும்பாலோர் பட்டம் பெறவே விரும்புகின்றனர். ஆயினும் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுவோர் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே. ஆறாண்டுகளுக்குள் பட்டம் பெறுவோர் ஏறத்தாழ ஆறில் ஒருவரே. காரணம் யாது? ஒரு கல்லூரியில் பயின்ற பாடத்தை மற்றொன்று ஏற்பதில்லை. ஏற்றாலும் விருப்பப் பாடமாக மட்டும் ஏற்கின்றது. 2004 முதல் 2009 வரை மாறிய மாணவர்கள் தம் அலகுகளில் சராசரியாக நூற்றுக்கு 43ஐ இழந்தனர் என்று அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. நம் சேரிப் பிள்ளைக்கு நேர்ந்த அதே இழப்பு, செல்வம் கொழிக்கும் நாட்டிலும் ஏழைக்கே நேர்கின்றது!

இவ்விழப்பைத் தடுக்கச் சில மாநிலங்கள் சட்டம் செய்தன. புளோரிடா மாநிலம் 1971இலேயே இருவகைக் கல்லூரிகளுக்கும் இடையே மாநில அளவில் உடன்பாடு கண்டது. கலிபோர்னியா 2010இல் மாறுதற்கென்றே ஒரு தனிப் பட்டயத்தைச் சட்டத்தால் ஏற்படுத்தியது. அதை முடித்தவர்க்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி. அதே துறையில் தொடர்ந்தால் மேலும் 60 அலகுகளுக்கு மேல் படிக்குமாறு கட்டாயப்படுத்தலாகாது. கருணையால் இடம் கிடைப்பது வேறு. உரிமையால் கிடைப்பது வேறு. இவ்வேறுபாட்டை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம் சென்று, இடையில் அறுந்த படிப்பை மீண்டும் முடிந்து காட்டியவர் நம் அண்ணல் அம்பேத்கர் அன்றோ! 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்றுக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். 1916இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகை முடிந்தமையால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் வேலை கிடைத்தது. தங்க வீடு கிடைக்கவில்லை. அவ்வேளையிலும் அவர் கைவசம் ஒன்றிருந்தது: நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்னும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அனுமதி. பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிப் பொருள் சேர்த்து, கடனும் வாங்கி, 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1921இல் முதுநிலைப் பட்டம்; 1923இல் டாக்டர் பட்டம். இடையில் நின்றமை தோல்வியன்று. திரும்பும் வழியை அடைத்துவிட்டு நிற்பதே தோல்வி.

நம் நாட்டில் வழியே இல்லையா? உண்டு. பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர் பொறியியற் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்போடு தொழிற்பயிற்சிக்குச் சென்ற பிள்ளையும் பொறியாளராகலாம் என்பதை நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்? கல்லூரிகள் மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. ஈட்டிய மதிப்பலகுகளை ஏழாண்டுகள் வரை சேமித்து வைக்கும் வங்கி முறைக்கு 2021இல் விதிகள் வகுக்கப்பட்டன. எனினும் சேமித்த அலகை ஏற்பது சேரும் நிறுவனத்தின் கையில்தான் உள்ளது என்பதை மறவற்க.

ஆதலின் இளைஞர்களுக்குச் சில சொற்கள். கல்லூரியில் சேரும் முன்பே, இங்கிருந்து எங்கே செல்லலாம் என்று கேளுங்கள். வாய்மொழியை நம்பாதீர்கள், எழுத்தில் பெறுங்கள். ஒவ்வொரு பருவத்தின் மதிப்பெண் பட்டியலையும், அவ்வாண்டின் பாடத்திட்டத்தையும் பத்திரப்படுத்துங்கள். இப்பாடமும் அப்பாடமும் ஒன்றே என்று மெய்ப்பிக்க உதவுவது பாடத்திட்டமே. நின்றே தீர வேண்டிய நிலை வந்தால், சொல்லாமல் நிற்காதீர்கள். விண்ணப்பம் கொடுத்து, மாற்றுச் சான்றிதழைப் பெற்று, எத்தனை ஆண்டுகளுக்குள் திரும்பலாம் என்று கேட்டறிந்து, அதன் பின்னரே வெளியேறுங்கள். உதவித்தொகை பெறுவோர் இடம் மாறும் முன் ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் அதன் விளைவைக் கேட்டறிதல் வேண்டும்.

கழகத்திற்கும் ஒரு வேண்டுகோள். சேர்க்கைக்கு உதவும் நாம், பாதியில் நின்றவர்க்கென ஒரு பதிவேடு திறப்போம். ஊர்தோறும் அவர்தம் பெயரையும், நின்ற வகுப்பையும், வேண்டிய சான்றையும் குறிப்போம். பிடித்து வைத்த சான்றிதழைக் கேட்கச் செல்லும் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் உறுப்பினர் இருவர் உடன் செல்வோம். முன்பு அந்தப் பிள்ளை தனியே சென்றார். நாம் உடன் செல்லவில்லை. அக்குற்றம் நம்முடையதும் ஆகும்.

அப்பதிவேட்டின் முதல் வரியில் அவர் பெயரையே எழுதுவோம். பொன்விழா காணும் நாளில், அப்பெயருக்கு நேரே பட்டம் பெற்ற ஆண்டையும் எழுதும் பேறு நமக்கு வாய்க்குமாக.

ஜெய் பீம்.