ஆட்டக்களத்தில் ஓர் உரிமைப் போர்: பல்வங்கர் பாலு



விளையாட்டில் சாதி இல்லை என்பர். பல்வங்கர் பாலுவின் வாழ்க்கை அவ்வாறு கூறவில்லை.

தோல் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட குலத்தில் 1876இல் பிறந்தவர் அவர். புனேயில் வெள்ளையர் சங்கத்தில் மாத ஊதியம் நான்கு ரூபாய். ஆடுகளத்தில் உருளை இழுப்பதும், வலை கட்டுவதும், டென்னிஸ் திடலுக்குக் கோடு போடுவதும் அவர் வேலை. துரைமாரின் பயிற்சிக்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் வல்லவரானார். ஆயினும் மட்டையை அவர் கையில் எவரும் கொடுத்தாரில்லை.

அவர் திறமையை வேண்டிய புனே இந்துக்கள் அவரை அணியில் சேர்த்தனர். தேநீரையோ வெளியில் நிறுத்தி மண்குவளையில் கொடுத்தனர். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தினார். இருந்தும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிட்டவேயில்லை.

1920இல் அவர் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது, தம்பியர் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினர். அதன் பின்னரே பாலுவுக்குத் துணைத்தலைமை வந்தது. 1923இல் விட்டல் தலைவரானார். ஐரோப்பிய அணியை வென்றார்.

1932 புனே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவருள் பாலுவும் ஒருவர். 1955இல் மறைந்தார்.

இளைஞர்களே! பாலு அணிக்குள் நுழைந்தது உழைப்பால்; விட்டல் தலைவரானது, உடன்பிறந்தார் ஒன்றுபட்டு நின்றதால். நம்முள் ஒருவர் தகுதியிருந்தும் ஒதுக்கப்படும்போது, எனக்குக் கிடைத்த இடம் போதுமென்று மற்றவர் அமர்ந்திருத்தல் ஆகாது. நன்கு படியுங்கள், நன்கு ஆடுங்கள், உடன் நில்லுங்கள்.