குடிபெயரும் குடும்பமும் குழந்தைகளின் கல்வியும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

கிணறு, சாலை, விதை, கடன் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கூடிப் பேசுகிறோம். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள விஷயம் அவற்றிலிருந்து சற்று வேறுபட்டது. ஊரை விட்டு வேறிடம் செல்ல நேரும் ஒரு குடும்பம், பள்ளியில் படிக்கும் குழந்தைகளை வைத்துக்கொண்டு, எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது, எப்போது புறப்படுவது என்பதே அது.

மழை பொய்த்தாலும் கிணறு வற்றினாலும் பிழைப்பைத் தேடிப் புறப்படுவது குடியானவனுக்குப் புதிதன்று. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும், சென்னையை அடுத்த செங்கல் சூளைகளுக்கும், பெங்களூருக் கட்டட வேலைக்கும் நம் மக்கள் சென்றுகொண்டுதான் இருக்கிறார்கள். அவ்வாறு செல்பவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. புறப்படுமுன் அவர்கள் கேட்கும் கேள்விகள் யாவை என்பதை மட்டும் கவனிக்குமாறு வேண்டுகிறேன். கூலி என்ன? வாடகை என்ன? தண்ணீர் கிடைக்குமா? உறவினர் யாராவது அங்கே இருக்கிறார்களா? இவையெல்லாம் அவசியமான கேள்விகளே. ஆனால் பள்ளி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, அதில் எந்த வகுப்பு வரை உண்டு என்னும் கேள்வி, சாமான்களை இறக்கிவைத்த பிறகே பெரும்பாலும் எழுகிறது. அதனை முதற்கேள்வியாகக் கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல விரும்பும் செய்தி.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

முன்பு நான் பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு விவசாயி இருந்தார். அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம், பிள்ளைகள் மூவர். மூன்றாம் வகுப்பில் ஒருவன், ஏழாம் வகுப்பில் ஒருவன், ஒன்பதாம் வகுப்பில் மூத்த பெண். கிணறு வற்றவே, ஐப்பசி மாதத்தில் குடும்பத்தோடு திருப்பூர்ப் பக்கம் சென்றார். ஊர்க்காரர் ஒருவர் பார்த்துக்கொடுத்த வீடு நகரத்துக்கு வெளியே இருந்தது, வாடகையும் குறைவு. பையன்கள் இருவரும் பக்கத்திலிருந்த நடுநிலைப் பள்ளியில் ஒரு வாரத்திற்குள் சேர்ந்துவிட்டார்கள். பெண்ணுக்கோ உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோ மீட்டர். இடையில் பஸ் மாற வேண்டும். மாலையில் வீடு திரும்ப இருட்டிவிடும். இரண்டு மாதம் சென்றாள், பிறகு நின்றுவிட்டாள். அடுத்த ஆண்டு நான் விசாரித்தபோது பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஊரில் இருந்தவரை வகுப்பில் முதல் மூவருள் ஒருத்தியாக இருந்த பெண் அவள்.

பெற்றோர் அலட்சியமானவர்கள் அல்லர். படிப்பை நிறுத்த வேண்டும் என்று அந்த வீட்டில் எவரும் முடிவு செய்யவில்லை. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இருந்த ஆறு கிலோ மீட்டரே அந்த முடிவைச் செய்துவிட்டது.

சட்டம் தரும் பாதுகாப்பு

இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ஆம் ஆண்டில் நிறைவேறி, 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை இலவசக் கல்வியை அது உரிமையாக்கியுள்ளது. ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோ மீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை 3 கிலோ மீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பள்ளியிலிருந்து வேறொரு அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றிக்கொள்ளக் குழந்தைக்கு உரிமை உண்டு. தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்க வேண்டும். சான்றிதழ் வரத் தாமதம் என்று கூறிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிறப்புச் சான்று இல்லை, ஆண்டின் நடுவில் வந்தாய் என்னும் காரணங்களாலும் மறுக்கக் கூடாது. இடையில் படிப்பு நின்றுபோன குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சியும் அளிக்க வேண்டும்.

ஆகவே, சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை இடம் மாறுவதில் அச்சம் கொள்ள வேண்டியதில்லை. நம் மாநிலத்திற்குள் எந்த மாவட்டத்திற்குச் சென்றாலும் அரசுப் பள்ளிகளில் பாடநூல் ஒன்றே. 1956-இல் தொடங்கி, 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்த மதிய உணவு அங்கும் உண்டு. 2022-இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் தொடக்கப் பள்ளிகளில் உண்டு.

பதினான்கு வயதோடு இச்சட்டத்தின் கை நின்றுவிடுகிறது என்பதையே நாம் நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல், இத்தனை கிலோ மீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று அது கூறவில்லை. ஆகையால், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடைசிக் குழந்தையை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். மூத்த குழந்தையை அளவுகோலாகக் கொள்ளுங்கள். மேல்நிலைப் பள்ளிக்கு அருகில் குடியிருந்தால் சிறியவர்களுக்கும் பெரும்பாலும் வழி கிடைத்துவிடும். தொடக்கப் பள்ளியை மட்டும் பார்த்துக் குடியேறினால், நாலைந்து ஆண்டுகளில் மீண்டும் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அல்லது படிப்பு நிற்கும்.

வீடு பார்க்கும் முறை

முன்பணம் கொடுப்பதற்கு முன் தாயோ தந்தையோ ஒரு நாள் அவ்விடத்திற்கு நேரில் சென்று வாருங்கள். பள்ளி நடைபெறும் நாளாக அது இருக்கட்டும். பார்க்கும் வீட்டிலிருந்து பள்ளிவரை பிள்ளை நடக்கும் வழியிலேயே நடந்து பாருங்கள். நெடுஞ்சாலையையோ ரயில் பாதையையோ கடக்க வேண்டுமா? மாலையில் விளக்கு வெளிச்சம் உண்டா? பஸ் எத்தனை மணிக்கு வருகிறது? பிறகு தலைமையாசிரியரைக் கண்டு நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: எந்த வகுப்பு வரை உள்ளது, தமிழ் வழியா, ஆங்கில வழியா, இரண்டுமா, பதினொன்றாம் வகுப்பில் எந்தெந்தப் பாடப் பிரிவுகள் உள்ளன, பெண் குழந்தைகளுக்குத் தனிக் கழிப்பிடம் உள்ளதா. இறுதிக் கேள்வியைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். பருவமடைந்த பெண் பள்ளியில் நிலைப்பதும் நிற்பதும் பல இடங்களில் இதனைப் பொறுத்தே இருக்கிறது.

வாடகைக் கணக்கையும் முழுமையாகப் போட்டுப் பாருங்கள். நகரத்துக்கு வெளியே மாதம் 1,000 ரூபாய் வாடகை குறைவு என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து இரண்டு பிள்ளைகளை வேனில் அனுப்ப, ஆளுக்கு 700 ரூபாய் கொடுக்க நேர்ந்தால், மாதம் 400 ரூபாய் நஷ்டமே. அரசு பஸ்ஸில் மாணவர்களுக்கு இலவசப் பயணச் சலுகை உண்டு. ஆனால் பஸ் வரும் இடமாக இருந்தால்தானே அது பயன்படும்? ரேஷன் அட்டையைப் பற்றிய கவலை முன்போல் இல்லை. 2020 அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

காலமறிந்து புறப்படுதல்

இடத்தைப் போலவே காலமும் முக்கியம். கூடுமானவரை ஏப்ரலில் தேர்வு முடிந்தபின் புறப்பட்டு, ஜூனில் பள்ளி திறக்கும்போது புதிய பள்ளியில் சேருங்கள். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ பிள்ளை இருந்தால் அந்த ஆண்டு பள்ளியை மாற்ற வேண்டாம். பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் பயிலும் பள்ளியிலிருந்தே தயாராகிறது. நடுவில் மாறினால் தொல்லைகள் பல. அந்த ஓராண்டுக்குப் பாட்டி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ பிள்ளையை வைத்திருக்கலாம். இயலாவிடில் அரசு மாணவர் விடுதிகள் இருக்கின்றன. 2025-இல் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் சூட்டப்பட்டவை இவைதாம்.

செங்கல் சூளைக்குச் செல்பவர்களுக்கு இவ்வாறு காலத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு தை மாதத்தை ஒட்டிப் புறப்பட்டால், கோடை முடிந்தே திரும்புகிறார்கள். பள்ளி ஆண்டின் பிற்பாதி முழுவதும் அதில் போய்விடுகிறது. இத்தகைய குடும்பங்கள் குழந்தையை உறவினரிடமோ விடுதியிலோ விட்டுச் செல்வதே நலம். அழைத்துச் செல்வதானால், சூளைக்கு அருகில் பள்ளி இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கும் அன்றே கேளுங்கள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே குழந்தையைச் சேர்த்துவிடுங்கள்.

கைநழுவக் கூடாத உரிமைகள்

நகரத்திற்குச் சென்றதும் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்னும் ஆசை பலருக்கு உண்டு. அது அவரவர் விருப்பம். ஆயினும் ஒரு கணக்கை முன்னதாகவே தெரிந்துகொள்ள வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பயின்றவர்களுக்கு, மருத்துவக் கல்வியில் 7.5 சதவீத இடங்கள் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டன. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிவாக்கப்பட்டது. உயர்கல்வி பயிலும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. இவையும் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்ற பள்ளியைப் பொறுத்தவையே. இடையில் ஓர் ஆண்டு வேறு வகைப் பள்ளியிலோ வெளிமாநிலப் பள்ளியிலோ படித்தால், இவ்வுரிமைகள் கைநழுவிப் போகக்கூடும். பள்ளியை மாற்றுமுன் தலைமையாசிரியரிடம் இதனைக் கேட்டறிந்து முடிவு செய்யுங்கள்.

வெளிமாநிலம் செல்வோர் மொழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடமும், கேரளத்தில் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலையாளமும் கட்டாயப் பாடங்களாயின. நம் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. முதல் வகுப்புக் குழந்தை புதிய மொழியை விளையாட்டாகக் கற்றுக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் சென்று, பத்தாம் வகுப்பில் திரும்பி வரும் பிள்ளைக்கோ இரு மொழியிலும் தடுமாற்றமே மிஞ்சும். எத்தனை ஆண்டு அங்கே தங்கப் போகிறோம் என்பதைப் பெற்றோர் தமக்குள் முடிவு செய்துகொண்டே புறப்பட வேண்டும்.

எங்குச் சென்றாலும் மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை, பள்ளியில் குழந்தைக்குக் கொடுத்துள்ள எமிஸ் எண் ஆகிய ஐந்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். சாதிச் சான்றிதழ் இன்னும் பெறவில்லையெனில் ஊரில் இருக்கும்போதே பெற்றுவிடுங்கள்.

ஊராட்சியின் கடமை

ஊராட்சி உறுப்பினர்களுக்குத் தனியே சில வார்த்தைகள். நம் தொடக்கப் பள்ளிகளின் பலகைகளில் இன்றும் ‘ஊராட்சி ஒன்றிய’ என்னும் சொற்களைப் பார்க்கிறீர்கள். பள்ளிக்கும் ஊராட்சிக்கும் உள்ள உறவு நெடுநாளையது. கல்வி உரிமைச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு உள்ளாட்சிக்கு விதித்துள்ள கடமைகளுள் இரண்டைக் கவனியுங்கள். தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள குழந்தைகளின் பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்பது ஒன்று. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் பள்ளியில் சேர்வதை உறுதி செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

இதற்குப் புதிதாக நிதி எதுவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடு போதும். நவம்பர் 1 அன்று கூடும் கிராம சபையில், தை மாதத்தில் வேலைக்குச் செல்ல இருக்கும் குடும்பங்கள் எவை, அவற்றில் எந்தக் குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மே 1 அன்று கூடும் கிராம சபையில், ஜூனில் பள்ளி மாற இருப்பவர்களையும், நம் ஊருக்கு வந்து சேர்ந்தவர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பட்டியலைத் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்கள். சென்ற குழந்தை அங்கே சேர்ந்ததா என்று ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் கேளுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்களை, சட்டம் கேட்காவிட்டாலும், நாமாகவே சேர்த்து எழுதுவோம். அதிகக் கவனம் வேண்டியவர்கள் அவர்களே.

நம் ஊருக்குப் பிழைக்க வந்தவர்களையும் மறக்கலாகாது. கோழிப் பண்ணையிலும் சூளையிலும் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார்க் குடும்பங்களின் குழந்தைகளும் அதே சட்டத்தின் கீழ் வருபவர்களே. நம் பிள்ளைகளைத் திருப்பூரிலோ பெங்களூரிலோ எவ்வாறு நடத்த வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அவ்வாறே இவர்களையும் நடத்துவது முறை.

வற்றிய கிணறு ஒரு நல்ல மழையில் ஊறிவிடும். தரிசாய்க் கிடந்த நிலம் அடுத்த பட்டத்தில் பயிராகும். பதினான்கு வயதில் நின்றுபோன படிப்பு அவ்வளவு எளிதில் மீள்வதில்லை. ஆதலால் வீட்டைப் பார்க்குமுன் பள்ளியைப் பாருங்கள். அதற்கு உதவுவதை ஊராட்சியின் அன்றாட வேலைகளுள் ஒன்றாகக் கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.