தாஜ்மகாலுக்கு என்ன உடுத்திப் போவது?

(டெல்லியில் தமிழ்க் கற்போர் வட்டம் ஒன்றில் தொண்டர் ஒருவர் பேசியது)



பிப்ரவரி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நாம் ஆக்ரா போகிறோம். காலையில் தாஜ்மகால். மத்தியானத்துக்கு மேல் பதேபூர் சிக்ரி. போன வாரம் 23 பேர் பெயர் கொடுத்தீர்கள். இந்த வாரம் 5 பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஒருவருக்கு உடம்பு சரியில்லை. மற்ற 4 பேரும் சொன்னது ஒரே காரணம். "அந்த மாதிரி இடத்துக்குப் போட்டுக்கொண்டு போக நல்ல துணி இல்லை."

இன்னொரு அக்கா வருகிறேன் என்றுதான் சொல்கிறார். ஆனால் புதுச் சேலைக்கும் ஷூவுக்கும் 2,000 ரூபாய் வட்டிக்குக் கேட்டு வைத்திருக்கிறார். நூற்றுக்குப் பத்து வட்டி. கணக்குப் பாடத்தில் நாம் போட்டுப் பார்த்தோமே, அதே கணக்குதான். மாதம் 200 ரூபாய் வட்டி. மூன்று மாதம் கட்டாமல் விட்டால் 600 ரூபாய். அதனால் இன்று பாடப் புத்தகத்தை மூடி வைப்போம். இதைப் பேசுவோம்.

முதலில் ஒரு விஷயம். தாஜ்மகாலுக்குள் போக இந்தத் துணிதான் உடுத்த வேண்டும் என்று சட்டம் கிடையாது. சேலை கட்டலாம். சல்வார் போடலாம். வேட்டி கட்டலாம். லுங்கி கட்டினால் விடமாட்டார்களா என்று அந்தத் தாத்தா கேட்கிறார். லுங்கி கூடாது என்றும் விதி இல்லை தாத்தா. ஆனால் காற்று அடிக்கும், படி ஏற வேண்டும். உங்களுக்கு வேட்டியோ பேண்ட்டோ வசதி.

பெரிய கடைகளின் வாசலில் நிற்கும் காவலர் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பழக்கத்தில்தான் நமக்குப் பயம் வருகிறது. தாஜ்மகால் கடை இல்லை. அது நாட்டின் சொத்து. இந்தியத் தொல்லியல் துறை அதைப் பார்த்துக்கொள்கிறது. வாசலில் பார்ப்பது சீட்டைத்தான். சேலையின் விலையை அல்ல. இந்தியர்களுக்கு நுழைவுச் சீட்டு 50 ரூபாய். சமாதி இருக்கும் மேல் மேடைக்கு ஏற இன்னும் 200 ரூபாய். ஆக 250 ரூபாய். 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம். வெளிநாட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பல மடங்கு அதிகம். அவர்கள் அரைக்கால் சட்டையோடு வருவார்கள். கோட்டு சூட்டோடும் வருவார்கள். யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் யார்? ஷாஜகான் பணம் கொடுத்தார். அவருடைய மனைவி மும்தாஜ் 1631ஆம் ஆண்டு பிரசவத்தில் இறந்துபோனார். அவருக்காக அடுத்த ஆண்டு வேலை தொடங்கியது. ராஜஸ்தானில் மக்ரானா என்ற ஊரிலிருந்து வெள்ளைப் பளிங்குக் கல் வந்தது. அதை வெட்டியவர்களும் சுமந்தவர்களும் நம்மைப் போல வேலை செய்து பிழைத்தவர்கள். இங்கே கட்டட வேலைக்குப் போகிற அண்ணன்மார்கள் அந்தச் சுவரைப் பார்த்தால், மற்றவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். நீங்களே வராவிட்டால் எப்படி?

சரி, எதை உடுத்துவது?

பிப்ரவரியில் விடியற்காலை நல்ல குளிர் இருக்கும். பதினோரு மணிக்கு மேல் வெயில் வந்துவிடும். அதனால் ஒரே கனமான துணியாகப் போடாதீர்கள். உள்ளே பருத்தித் துணி. அதன்மேல் சுவெட்டர். அதற்கும் மேல் ஒரு சால்வை. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கையில் ஒரு துணிப் பை இருந்தால் மடித்து வைக்கலாம். பெரிய பை வேண்டாம். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் ஒப்படைத்துவிட்டு, திரும்பி வந்து வரிசையில் நின்று வாங்க வேண்டும்.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பள்ளி விடுமுறையில் வருவார்கள். மே மாதம் அழைத்துப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. அப்போது ஆக்ராவில் வெயில் 45 டிகிரிகூடப் போகும். வெளிர் நிறத்தில் தளர்வான பருத்தித் துணி போதும். தலைக்கு ஒரு துண்டு அல்லது குடை. பாலியெஸ்டர் சேலை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். டிசம்பர், ஜனவரியில் போனால் பனிமூட்டம் இருக்கும். சில நாள் காலையில் தாஜ்மகாலே கண்ணுக்குத் தெரியாது! கம்பளி போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

சேலை கட்டும் அக்காமார்களுக்கு ஒரு யோசனை. கொசுவத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டுங்கள். கணுக்கால் தெரிந்தால் பரவாயில்லை. படியில் சேலை தடுக்கினால் பின்னால் வருகிறவர்கள் மேலும் விழுவோம். முந்தானையை ஊக்கு போட்டுக் குத்திக்கொள்ளுங்கள். கூட்டத்தில் இழுபடாது. பட்டு வேண்டாம். வெள்ளைச் சேலையும் வேண்டாம் என்பேன். விதி ஒன்றும் இல்லை. ஆனால் பின்னால் அவ்வளவு பெரிய வெள்ளைக் கட்டடம் நிற்கும். போட்டோவில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். தினமும் கட்டுகிற பச்சை, சிவப்பு, மாம்பழ மஞ்சள் அங்கே எடுப்பாகத் தெரியும்.

இனி கால். துணியைவிடக் கால்தான் முக்கியம். எல்லோரும் இதைத்தான் மறக்கிறார்கள்.

புகை படக்கூடாது என்பதற்காகப் பெட்ரோல், டீசல் வண்டிகளைத் தாஜ்மகாலுக்குத் தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து பாட்டரி வண்டி உண்டு. இல்லையென்றால் நடக்க வேண்டும். உள்ளேயும் நடைதான். அதனால் பழகிய செருப்புப் போடுங்கள். புதுச் செருப்பு கடிக்கும். புது ஷூ இன்னும் மோசமாகக் கடிக்கும்.

மேல் மேடைக்கு ஏறும்போது செருப்பைக் கழற்ற வேண்டும். அல்லது செருப்பின்மேல் மெல்லிய உறை மாட்டிக்கொள்ள வேண்டும். நாம் மலை மந்திருக்குப் போனால் செருப்பைக் கீழே விடுகிறோம் இல்லையா? இங்கே இரண்டு காரணம். ஒன்று, அது சமாதி. மும்தாஜும் ஷாஜகானும் அங்கே அடக்கமாகி இருக்கிறார்கள். இன்னொன்று, கல் தேயும். ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பேர் மிதிக்கிற கல் அது. உறை மாட்டுகிறவர்கள் மெதுவாக நடங்கள். பளிங்கில் வழுக்கும். கழற்றுகிறவர்கள் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். காலையில் கல் ஐஸ் மாதிரி இருக்கும்.

சாக்ஸைத் துவைத்துப் போடுங்கள். சிரிக்காதீர்கள். 2018ஆம் ஆண்டு தாஜ்மகால் நிறம் மங்குவது பற்றி உச்ச நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. பாசி ஒரு காரணம், பார்க்க வருகிறவர்களின் அழுக்கு சாக்ஸ் ஒரு காரணம் என்று தொல்லியல் துறை தரப்பில் சொன்னார்கள். நீதிபதிகளுக்கு அந்தப் பதில் திருப்தியாக இல்லை. எனக்கும் சாக்ஸ்மேல் இவ்வளவு பழி போடுவது அதிகமாகத்தான் படுகிறது. பக்கத்தில் யமுனை நாறிக்கொண்டு ஓடுகிறது. காற்றில் தூசியும் புகையும் இருக்கிறது. ஆனாலும் கையில் எண்ணெய், காலில் அழுக்கு என்றால் வெள்ளைக் கல்லில் கறை பிடிக்கத்தான் செய்யும். அந்தக் கறையை எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? முல்தானி மட்டி. நம் பெண்கள் முகத்தில் பூசுகிறார்களே, அதேதான். குழைத்துச் சுவரில் பூசி, காய விட்டு, கழுவி எடுக்கிறார்கள்.

மடியில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். வாசலில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை. பெண்களைப் பெண் காவலர்தான் சோதிப்பார். பெரியம்மா, உங்கள் சுருக்குப் பையைத்தான் சொல்கிறேன். வெற்றிலை, பாக்கு, புகையிலை, பாக்குவெட்டி எதுவும் உள்ளே போகாது. பீடி, தீப்பெட்டி, கத்தி, சாப்பாட்டுப் பொட்டலம் இவையும் கூடாது. வாங்கி வைத்துவிடுவார்கள், அல்லது வரிசையிலிருந்து வெளியே போகச் சொல்வார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பணமும் ஆதார் அட்டையும் உள்பையில் இருக்கட்டும்.

தலையில் குத்துகிற ஊசியையும் கொக்கியையும் வைத்துச் சிலர் பழைய கட்டடங்களில் பெயர் கீறுகிறார்கள். நமக்கு இப்போதுதான் பெயர் எழுத வந்திருக்கிறது. கை துறுதுறு என்று இருக்கும். அங்கே வேண்டாம். 2010ஆம் ஆண்டு திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது பதேபூர் சிக்ரி. ஆக்ராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அக்பர் கட்டிய நகரம். அங்கே கொஞ்சம் வேறு மாதிரி. சலீம் சிஷ்டி என்ற பெரியவரின் தர்கா இருக்கிறது. பக்கத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது. இன்றும் மக்கள் வந்து தொழுகிறார்கள், வேண்டிக்கொள்கிறார்கள். அங்கே தலையை மூட வேண்டும். ஆண், பெண் இருவரும்தான். பெண்களுக்கு முந்தானையோ துப்பட்டாவோ போதும். ஆண்கள் ஒரு கைக்குட்டை கொண்டு வாருங்கள். தோளும் முழங்காலும் மூடி இருக்கட்டும். மற்றவர்கள் கும்பிடும் இடத்தில் நாம் கொடுக்கும் மரியாதை அது. அங்கேயும் செருப்பைக் கழற்ற வேண்டும். தரை சிவப்புக் கல். அது வெயிலில் சுடும். அங்கேயும் சாக்ஸ் உதவும்.

அங்கே ஒரு தொல்லை உண்டு. "சாதர் துணி வாங்குங்கள், நூல் வாங்குங்கள், வாங்கினால்தான் வேண்டுதல் பலிக்கும்" என்று விற்பவர்கள் விடாமல் பின்னால் வருவார்கள். விருப்பம் இருந்தால் வாங்கலாம். கட்டாயம் எதுவும் இல்லை. தலையில் ஒரு துணி இருந்தால் உள்ளே போகலாம்.

தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று அங்குள்ள பள்ளிவாசலில் தொழுகை நடக்கும். அதனால்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். கூட்டம் இருக்கும். யாராவது தவறிப் போனால் கண்டுபிடிக்க, எல்லோரும் ஒரே நிறத்தில் ஒரு சின்னத் துணியைப் பையில் கட்டிக்கொள்வோம். ஆரஞ்சு நிறத் துணி தையல் கடையில் வெட்டியது மிச்சம் கிடக்கிறதாம். டெய்லர் அண்ணன் தருகிறேன் என்றார்.

வட்டிக்குக் கேட்டிருக்கும் அக்காவிடம் ஒன்று சொல்கிறேன். போன மாதம் பாங்க் பாஸ்புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போனீர்களே, அன்று கட்டியிருந்த நீலச் சேலை போதும். அதைக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

வேன் காலை 3 மணிக்கு நம் தெருமுனையில் நிற்கும். என்னிடம் துவைத்த சாக்ஸ் 3 ஜோடி உபரியாக இருக்கிறது. சால்வை ஒன்றும் இருக்கிறது. வேண்டியவர்கள் இன்று போகும்போதே வாங்கிக்கொள்ளுங்கள். பெயரை எடுத்த 4 பேரின் வீட்டுக்கு இன்று சாயங்காலம் மறுபடியும் போகிறேன். கூட வருகிறவர்கள் கை தூக்குங்கள்.