பெட்டிக்குள் ஓடும் தண்ணீர்



மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நம் பிள்ளைகள் சிலர் இப்போது கேம் விளையாடும் கம்ப்யூட்டரைக் கடையில் முழுதாக வாங்குவதில்லை. சாமான்களைத் தனித்தனியாகத் தெரிந்தெடுத்து, தாங்களே பொருத்தி, அதற்குள் தண்ணீரையும் ஓட விடுகிறார்கள். மின்சாரமும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் என்றதும் தாய் தகப்பனுக்கு நெஞ்சு திக்கென்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் இதைக் காசைக் கரைக்கும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஒழுங்காகச் செய்தால் இது ஒரு நல்ல கைவேலை. அதன் தரம் குழாய் பூட்டும் நாளில் இல்லை, அதற்கு முன் போடும் திட்டத்தில்தான் தெரியும் என்பது என் எண்ணம்.

தண்ணீரால் கணினியைக் குளிர்விப்பது நேற்று வந்த யோசனை அல்ல. 1980-இல் ஐபிஎம் அறிவித்த 3081 என்ற பெருங்கணினி தண்ணீரால் குளிர்ந்தது. 1985-இல் வந்த க்ரே-2 சூப்பர் கணினியின் உள்ளுறுப்புகள், மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள் அப்படியே மூழ்கி வேலை செய்தன. அவ்வளவு தூரம் போவானேன்? மொன்றியலுக்குத் தென்மேற்கே, பெரிய நீர்மின் நிலையம் இருக்கும் பொஹார்னுவாவில், ஒரு பழைய அலுமினியத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஓவிஎச் என்ற பிரெஞ்சு நிறுவனம் தரவு மையம் நடத்துகிறது. அங்குள்ள சர்வர்களின் சிப்புகளின் சூட்டை வாங்கிக்கொண்டு தண்ணீர்தான் ஓடுகிறது.

காரணம் எளிது. ஒரு லிட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பத்தைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேலான வெப்பத்தை, அதே ஒரு டிகிரிக்கு, ஒரு லிட்டர் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். சிப்பின் மேல் செம்பாலான ஒரு வாட்டர் பிளாக் இருக்கும். அதற்குள் மயிரிழை போன்ற வாய்க்கால்கள். பம்ப் தள்ளும் தண்ணீர் அந்த வாய்க்கால்களில் சூட்டை வாங்கி, ரேடியேட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கும். ரேடியேட்டரில் பூட்டிய மின்விசிறிகள் அதை அறைக்குள் ஊதிவிடும்.

அறைக்குள் என்ற சொல்லைக் கவனியுங்கள். தண்ணீர் வெப்பத்தை இடம் மாற்றுகிறது, அழிப்பதில்லை. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு 450 வாட் வரை எடுக்கும். இன்டெலின் ஐ9-14900கே சிபியு முழு வேகத்தில் 253 வாட். இரண்டும் சேர்ந்தால் ஒரு சின்ன ஹீட்டர்தான். எவ்வளவு விலை கொடுத்துக் குளிர்வித்தாலும் அந்த வெப்பம் முழுவதும் பிள்ளையின் படுக்கையறைக்குள்தான் வந்து சேரும்.

நம் பகுதியில் இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. சுவரடியில் நீளமாகப் பூட்டிய மின்சார ஹீட்டர்கள் உள்ள வீட்டில், ஜனவரியில் இந்த வெப்பம் வீண்போவதில்லை. கம்ப்யூட்டர் சூடாக்கும் அளவுக்கு ஹீட்டர் குறைவாக எரியும். ஜூலையில் கதை வேறு. 2018 ஜூலை தொடக்கத்து வெப்ப அலை பலருக்கு நினைவிருக்கும். மேல்மாடி அறைகள் இரவிலும் ஆறவில்லை. அப்படிப்பட்ட நாளில் 700 வாட் கம்ப்யூட்டரையும் ஜன்னல் ஏசியையும் ஒரே அறையில் ஓட்டினால், அந்த அறையின் 15 ஆம்பியர் பிரேக்கர் விழுந்துவிடக்கூடும். 120 வோல்ட்டில் அது தாங்குவது 1,800 வாட். தொடர்ந்து ஓடும் சாதனங்களுக்கு 1,440-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆகவே திட்டத்தின் முதல் வரி கம்ப்யூட்டரைப் பற்றியதாக இருக்கக்கூடாது. எந்த அறை, எந்த பிளக், அதே பிரேக்கரில் வேறு என்ன ஓடுகிறது என்பதை முதலில் எழுத வேண்டும்.

பிறகு எதற்கு இந்தத் தண்ணீர்? என் பதில், அமைதிக்காக. முழு வேகத்தில் கத்தும் கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளுக்குப் பதிலாக, அகலமான ரேடியேட்டரில் பெரிய விசிறிகள் மெதுவாகச் சுற்றும். இங்கே ஒரு வீட்டுச் சத்தம் மறு வீட்டுக்குக் கேட்கும். தங்கை பரீட்சைக்குப் படிக்கும் அறையும் அண்ணன் விளையாடும் அறையும் பல வீடுகளில் ஒன்றேதான். அங்கே இந்த அமைதிக்குப் பெறுமதி உண்டு. வேகம் கூடும் என்று நம்பிச் செய்பவர்களுக்கு ஏமாற்றம்தான். நல்ல காற்றுக் குளிர்விப்பான் உள்ள கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டால், விளையாட்டில் கிடைக்கும் கூடுதல் வேகம் அற்பம்.

எனக்குத் தெரிந்த ஒரு செஜெப் கல்லூரி மாணவன் தன் திட்டத்தைக் கட்டம் போட்ட கொப்பித்தாளில் வரைந்திருந்தான். பெட்டியின் உட்புறம், பக்கத்திலிருந்து பார்த்தபடி, அளவுகளோடு. 360 ரேடியேட்டர் என்ற பெயரைக் கேட்டு 360 மில்லிமீட்டர் இடம் விட்டால் போதும் என்றுதான் பலர் நினைப்பார்கள். ஆனால் முனைகளில் உள்ள தண்ணீர் அறைகளோடு சேர்த்து அது 400-க்குக் கிட்ட வரும். அவன் அதைக் குறித்திருந்தான். ரேடியேட்டரின் தடிப்பு 30, விசிறி 25, ஆக மேலிருந்து 55 மில்லிமீட்டர் கீழே இறங்கும், அது மெமரியில் இடிக்குமா என்று பென்சிலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்திருந்தான். ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண். மிகத் தாழ்ந்த இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம். அது தண்ணீரை வடிக்கும் வால்வு. அந்த வட்டத்தைக் கண்டதும் இவன் வேலை தெரிந்தவன் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒழுங்கான வடிகால் இல்லாத லூப்பை, அதாவது தண்ணீர் சுற்றிவரும் பாதையை, ஒரு வருடம் கழித்துத் திறக்கும்போதுதான் வடிகாலின் அருமை தெரியும்.

திட்டம் போடும்போது பெடியள் அதிகம் வாதாடுவது, தண்ணீர் முதலில் எங்கே போக வேண்டும், சிபியுவுக்கா கார்டுக்கா என்பதைப் பற்றி. கணக்குப் போட்டால் அந்த வாதம் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் லூப்பில் 500 வாட் வெப்பத்தைச் சேர்த்தால், தண்ணீரின் சூடு 2 டிகிரிகூட ஏறாது. ஆகவே வரிசை முக்கியமல்ல. தண்ணீரைத் தேக்கி வைக்கும் ரிசர்வாயர் மட்டும் பம்புக்கு முன்னால், அதைவிட உயரமாக இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் சுற்றும் பம்ப் சீக்கிரம் கெட்டுவிடும். மற்றபடி குழாய் எந்த வழியில் வடிவாக, குட்டையாகப் போகுமோ அந்த வழியே விடலாம்.

உண்மையில் கவனம் வேண்டியது உலோகத்தில். வாட்டர் பிளாக் செம்பு, மலிவாகக் கிடைத்த ரேடியேட்டர் அலுமினியம் என்றால், இரண்டும் ஒரே தண்ணீரில் சேரும்போது அலுமினியம் அரிக்கத் தொடங்கும். எல்லாம் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சு என்று ஒரே குடும்பமாக இருக்கட்டும். கிராபிக்ஸ் கார்டின் பிளாக் விஷயத்தில் இன்னும் நிதானம் தேவை. ஒரே பெயருள்ள கார்டை வெவ்வேறு கம்பெனிகள் வெவ்வேறு பலகையில் செய்கின்றன. ஒன்றுக்குச் செய்த பிளாக் மற்றதற்குப் பொருந்தாது. பிளாக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கார்டை வாங்க வேண்டும். கார்டைக் கழற்றினால் உத்தரவாதம் என்னாகும் என்பதையும் முன்பே வாசித்துவிட வேண்டும்.

அழகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதற்குள் வருவதே அழகுக்காக. கடினமான பிளாஸ்டிக் குழாயைச் சூடாக்கி, உள்ளே சிலிக்கோன் கயிற்றை நுழைத்து, நசுங்காமல் தொண்ணூறு பாகைக்கு வளைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வளைவு சரியாக விழும்போது பார்க்க அருமையாக இருக்கும். ஆனாலும் முதல் லூப்புக்கு மென்குழாய்தான் என் பரிந்துரை. பிழைத்தால் வெட்டித் திருத்தலாம், கார்டை மாற்றும்போது சற்று வளைந்தும் கொடுக்கும். பால் போல் அடர்ந்த நிறக் கூலன்ட்கள் படத்தில் கண்ணைப் பறிக்கும். நாளடைவில் அந்த நிறத்துகள் பிளாக்கின் நுண் வாய்க்கால்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். பாசியையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து கலந்த தெளிந்த திரவமே நல்லது. மின்சாரம் கடத்தாது என்று போத்தலில் எழுதியிருந்தாலும் அதை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். லூப்பில் ஓட ஓட எந்தத் திரவமும் உலோக அயனிகளைச் சேர்த்துக்கொள்ளும்.

இனி தொடக்கத்தில் சொன்ன அந்தப் பயத்துக்கு வருவோம். கசிவுச் சோதனைக்கு ஓர் இரவை ஒதுக்க வேண்டும். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் போகாமல், பம்புக்கு மட்டும் கொடுத்து ஓட்ட வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் வெள்ளை டிஷ்யூ. பெட்டியை மெல்லச் சாய்த்தால் குமிழிகள் ரிசர்வாயருக்கு ஏறிவரும். காலையில் எல்லா டிஷ்யூவும் உலர்ந்திருந்தால்தான் மற்ற மின்கம்பிகளைப் பூட்டலாம். இந்த ஓர் இரவுக்குப் பொறுமை இல்லாத பிள்ளைக்கு, தொழிற்சாலையிலேயே மூடி வரும் திரவக் குளிர்விப்பானோ நல்ல காற்றுக் குளிர்விப்பானோ போதும். அதில் குறைவு ஒன்றுமில்லை. முழு லூப்புக்குப் பல நூறு டாலர் கூடுதலாகச் செலவாகும். வீட்டு வாடகையோடு போராடும் குடும்பத்தில் அந்தக் காசுக்கு வேறு தேவை இருக்கும். அதைப் பிள்ளையோடு வெளிப்படையாகக் கதைப்பது நல்லது.

கடைசியாக, இந்த ஊருக்கே உரிய ஒன்று. ஜூலை முதலாம் தேதி கியூபெக்கே வீடு மாறும். தண்ணீர் நிறைந்த பெட்டியை மூன்று மாடிப் படியால் சாய்த்து இறக்கினால் குழாயும் ஃபிட்டிங்கும் இழுபடும். மாசி மாதத்தில் நண்பன் வீட்டுக்குக் காரில் கொண்டுபோய் வெளியே மறந்துவிட்டாலோ, மைனஸ் இருபதில் தண்ணீர் உறைந்து விரிந்து பிளாக்கையே பிளந்துவிடக்கூடும். குளிரில் இருந்த பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த உடனேயும் இயக்கக்கூடாது. உள்ளே ஈரம் பூத்திருக்கும், சில மணி நேரம் அறையின் சூட்டுக்கு வரட்டும். வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்றத்தான் வேண்டும் என்பதால், வீடு மாறுபவர்கள் அதை ஜூன் கடைசி வாரத்துக்கே வைத்துக்கொள்ளலாம். சிவப்பு வட்டம் போட்ட வால்வைத் திறந்து வடித்து, பெட்டியை உலர்ந்தபடி கொண்டுபோய், புது வீட்டில் எந்த பிளக் எந்த பிரேக்கரில் இருக்கிறது என்று பார்த்த பிறகு நிரப்புங்கள். டிஷ்யூவோடு அந்த ஓர் இரவு அங்கேயும் வேண்டும்.