அறுவை மருத்துவர் ஏற்ற புதுப்பணி
(விழா அரங்கில் ஆற்றிய உரை)



கொரோனாப் பெருந்தொற்றின் முதல் அலையில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் நிகழ்ந்த மாற்றம் ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

அவசரமல்லாத அறுவைச் சிகிச்சைகளை ஏப்ரல் 15-க்குப் பிந்தாமல் ஒத்திவைக்கத் தொடங்கி, குறைந்தது மூன்று மாதங்கள் நிறுத்திவைக்குமாறு, 2020 மார்ச் 17 அன்று அந்நாட்டுத் தேசிய நலவாழ்வுத் துறை மருத்துவமனைகளுக்கு எழுதியது. அறுவை அரங்குகள் பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளாயின. மயக்க மருத்துவர்கள் செயற்கைச் சுவாசக் கருவிகளின் பக்கம் சென்றனர். எலும்பு மூட்டிலும் குடலிலும் கைதேர்ந்த அறுவை மருத்துவர்கள் என் செய்வது?

அவர்களுள் பலர், நோயாளிகளைக் குப்புறத் திருப்பும் குழுக்களில் சேர்ந்தனர். நுரையீரல் கடுமையாகப் பழுதுற்றவரைக் குப்புறக் கிடத்தினால், நுரையீரலின் முதுகுப்புறப் பகுதிகள் விரிந்து குருதியில் பிராணவாயு கூடும். நாளொன்றுக்கு 16 மணி நேரமேனும் இவ்வாறு கிடத்துவது உயிர் காக்கும் என்பதை 2013-இல் வெளியான ஆய்வொன்று காட்டியிருந்தது. மூச்சுக்குழாயும் குருதிக்குழாய் இணைப்புகளும் நழுவாமல் நினைவற்ற ஒருவரைத் திருப்புவதற்கு ஐவர் முதல் எழுவர் வரை வேண்டும். தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாயைக் காப்பவரே கட்டளையிடுவார். துறைத்தலைவராயினும் ஏனையோர் அதற்கிணங்க வேண்டும். உறவினர் உள்ளே வர இயலாத அந்நாள்களில், வேறு சிலர் நோயாளியின் நிலையைக் குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் எடுத்துரைக்கும் பணியை ஏற்றனர்.

பதவியை மறந்து இப்பணிகளைச் செய்தமை பாராட்டுக்குரியது. தாம் பயிலாத கருவியைத் தனித்து இயக்காமல், தீவிர சிகிச்சை மருத்துவரின் மேற்பார்வையில் நிற்பதும் அதே அளவு தேவையானது. ஆர்வம் மட்டும் நோயாளியைக் காவாது.

இம்மாற்றத்தின் விலையையும் நாம் எண்ணுதல் வேண்டும். 2020 தொடக்கத்தில் ஏறத்தாழ 45 இலட்சமாக இருந்த இங்கிலாந்தின் சிகிச்சைக் காத்திருப்புப் பட்டியல், 2023 செப்டம்பரில் 77 இலட்சத்தை எட்டியது. காரணங்கள் பல, ஒத்திவைப்பும் அவற்றுள் ஒன்று. இடுப்பு வலியோடு ஈராண்டு காத்திருந்த முதியவருக்கு ‘அவசரமல்லாத சிகிச்சை’ என்னும் சொல் என்ன ஆறுதல் தரும்? பிறர் உயிர் பிழைக்கத் தம் முறையை விட்டுக்கொடுத்தவர் அவர். அத்தியாகத்தை எவரும் அவரிடம் கேட்டுப் பெறவில்லை.

ஆதலின், மாற்றுப்பணிக்கான பயிற்சியை நோயில்லாக் காலத்திலேயே அளித்தல் வேண்டும். தொற்று நோயாளிகள் கலவாத தனி அறுவை மையங்களும் வேண்டும். நம் இல்லங்களில் மருத்துவம் பயிலும் இளையோர் பலர் உளர். அவர்கள் தம் துறையில் உயர்க. தேவை அழைக்குங்கால் கட்டிலின் ஓரத்தில் நின்று கைகொடுக்கவும் அணியமாயிருக்க.